தட்டில் உள்ள சத்தும் ரத்தத்தில் சேரும் சத்தும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பிறகும் பிரிட்டன் அரசு தன் நாட்டுக் குழந்தைகளின் எலும்பைப் பற்றிப் பெரிதும் கவலைப்பட்டது. அங்கே வெயில் குறைவு, நிலக்கரிப் புகை அதிகம். கால் வளைந்த குழந்தைகளைத் தொழில் நகரங்களில் சாதாரணமாகப் பார்க்க முடிந்த காலம் அது. மலிவு விலையில் அரசு கொடுத்த பால் பவுடரில் வைட்டமின் டி சேர்க்கப்பட்டது. குழந்தைகளுக்கான தானிய மாவிலும் சேர்த்தார்கள். போதாததற்குக் காட் மீன் எண்ணெயும் ஊட்டச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் சில கைக்குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 4,000 அலகுவரை போய்ச் சேர்ந்திருக்கக்கூடும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். ஒரு கைக்குழந்தைக்கு 400 அலகு போதும்.

எலும்பு நோய் குறைந்தது. ஆனால் 1950களின் தொடக்கத்தில் வேறொரு பிரச்சினையோடு தாய்மார்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, மலம் இறுகிப்போகிறது, எடை ஏறவில்லை. பரிசோதித்தால் ரத்தத்தில் கால்சியம் தாறுமாறாக ஏறியிருந்தது. சிறுநீரகத்தில் கால்சியம் படியத் தொடங்கியிருந்தது. 1952இல் ரிச்சர்ட் லைட்வுட் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் இப்படிப்பட்ட குழந்தைகள் சுமார் 200 பேர் பதிவானார்கள். சிலர் இறந்தும் போனார்கள். 1957இல் பாலிலும் மாவிலும் சேர்க்கும் வைட்டமின் அளவை அரசு வெட்டியது. நோயாளிகள் எண்ணிக்கையும் இறங்கியது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அதே பாலை லட்சக்கணக்கான குழந்தைகள் குடித்தார்களே, அவர்களுக்கெல்லாம் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பதில் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பீட்டர் ஷ்லிங்மானும் அவருடைய குழுவினரும் இதே நோயுள்ள குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலை முடிந்த வைட்டமின் டியைச் சிதைத்து அகற்றுவதற்கு உடலில் ஒரு நொதி இருக்கிறது. அதை உருவாக்கும் மரபணுவின் பெயர் சிஒய்பி24ஏ1. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இதன் இரண்டு பிரதிகளும் பழுதாக வந்த குழந்தைகளின் உடலில் வைட்டமின் டி உள்ளே போகும், வெளியேறாது. மற்றக் குழந்தைகள் தாங்கிக்கொண்ட அளவே இவர்களுக்கு நஞ்சானது. 1950களின் நோயாளிகள் எல்லோருக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வில்லியம்ஸ் சிண்ட்ரோம் போன்ற வேறு மரபணுக் கோளாறுகளும் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். ஆனாலும் அந்தப் பழைய புதிரின் பெரிய பகுதி இதில் அவிழ்ந்தது.

ஷ்லிங்மான் ஆராய்ந்த குழந்தைகளில் சிலர், வைட்டமின் டியை ஒரே மூச்சாகப் பெரிய அளவில் பெற்ற பிறகு படுக்கையில் விழுந்தவர்கள். கிழக்கு ஜெர்மனியில் கைக்குழந்தைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை 6 லட்சம் அலகு கொடுக்கும் வழக்கமே இருந்தது. இதை ஐரோப்பியப் பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 60,000 அலகு கொண்ட வைட்டமின் டி பாக்கெட்டை இன்று நம்மூர் மருந்துக் கடைகளில் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததை நாளுக்கு ஒன்று என்று விழுங்கி, கால்சியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. அவர்களுக்கு மரபணுப் பழுது எதுவும் இருக்கத் தேவையில்லை. பழுது இருப்பவர் என்றால் அவ்வளவு அதிகமாக விழுங்கவும் தேவையில்லை.

சத்து உடலில் ‘ஒட்டுவது’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் காரியத்துக்குள் பல படிகள் இருக்கின்றன. உணவிலிருந்து வைட்டமின் பிரிய வேண்டும். குடல் சுவரைத் தாண்ட வேண்டும். ரத்தத்தில் ஒரு புரதம் அதைச் சுமந்து செல்ல வேண்டும். உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற வேண்டும். செல்லுக்குள் நுழைய வேண்டும். மிச்சம் கழிய வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு புரதம் வேலை செய்கிறது. ஒவ்வொரு புரதத்துக்கும் பின்னால் ஒரு மரபணு இருக்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் அந்தப் படியில் வேலை மந்தமாகலாம், சில நேரம் நின்றே போகலாம்.

மந்தமாவதற்குத் தெளிவான உதாரணம் வைட்டமின் ஏ. கேரட்டிலும் முருங்கைக் கீரையிலும் மாம்பழத்திலும் வைட்டமின் ஏ இருக்கிறது என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. உண்மையில் அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். குடல் சுவரில் உள்ள ஒரு நொதி அதை இரண்டாக வெட்டினால்தான் வைட்டமின் ஏ கிடைக்கும். அந்த நொதிக்கான பிசிஓ1 மரபணுவில் பரவலாகக் காணப்படும் இரண்டு மாற்றங்களை பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண் தன்னார்வலர்களிடம் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரு மாற்றம் உள்ளவர்களிடம் வெட்டும் திறன் 32 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தவர்களிடம் 69 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே தட்டில் ஒரே அளவு கேரட் பொரியல் சாப்பிட்டு எழும் இருவரில் ஒருவருக்கு, மற்றவருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் வைட்டமின் ஏ கிடைக்கக்கூடும்.

பால், முட்டை, ஈரல், மீன் சாப்பிடுகிறவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அவற்றில் வைட்டமின் ஏ தயாராகவே கிடைக்கிறது. காய், கீரை மட்டுமே நம்பியிருக்கும் ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்குத்தான் சிக்கல். சமைக்கும்போது எண்ணெய் சேர்ந்தால் கரோட்டின் கூடுதலாக உறிஞ்சப்படும். அந்த எண்ணெய்க்கே காசில்லாத வீடுகள் இருந்தன என்பதுதான் நம் வரலாறு. வைட்டமின் ஏ குறைபாட்டால் பார்வை இழக்கும் குழந்தைகளுக்காக 1970இல் இந்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 5 வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாய்வழியாகக் கொடுக்கும் அந்தச் சொட்டு மருந்தில் இருப்பது கரோட்டின் அல்ல, தயார் நிலை வைட்டமின் ஏ. பிசிஓ1 மரபணு கண்டுபிடிக்கப்படாத காலத்திலேயே, அதன் வேலை தேவைப்படாத ஒரு வழியைத் திட்டம் தேர்ந்தெடுத்திருந்தது.

பி12 கதை இன்னும் சுவையானது. கொஞ்சம் குமட்டலானதும்கூட. ‘பெர்னிஷியஸ் அனீமியா’ என்ற ரத்தசோகை ஒரு காலத்தில் உயிர்க்கொல்லி. பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் நோயாளிகளை நாள்தோறும் ஈரல் சாப்பிட வைத்துப் பிழைக்க வைக்கலாம் என்று 1926இல் காட்டினார்கள். 1934இல் ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஊரில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவருக்கு ஒரு சந்தேகம். நல்ல உடல்நிலையில் உள்ளவர் யாரும் ஈரலாகத் தின்று தீர்ப்பதில்லையே, அவருக்கு மட்டும் ஏன் இந்த நோய் வரவில்லை? அவர் அரைத்த மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, பதப்படுத்தி, குழாய் மூலம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். நோயாளிகளின் ரத்தம் தேறியது. வெறும் இறைச்சியைக் கொடுத்தபோது தேறவில்லை. ஆரோக்கியமான இரைப்பையில் ஏதோ ஒன்று சுரக்கிறது, நோயாளியின் இரைப்பையில் அது இல்லை என்று காசில் முடிவுக்கு வந்தார். அந்தச் சுரப்பு ஒரு புரதம். அது கைகொடுத்தால்தான் பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ளே போக முடியும்.

அந்த நோயாளிகள் பெரும்பாலோரிடம் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பைச் சேதப்படுத்தியிருந்தது. பிறவியிலேயே அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதானவர்களும் உண்டு. புரதம் சரியாக இருந்து, அதை வாங்கிக்கொள்ளும் குடல் செல்லின் வாசல் பழுதானவர்களும் உண்டு. 1960இல் நார்வேயில் ஓல்கா இமர்ஸ்லுண்டும் பின்லாந்தில் ரால்ஃப் கிரேஸ்பெக்கும் தனித்தனியே விவரித்த நோய் அது. இரு வகையினருக்கும் மருந்து ஒன்றுதான், குடலைச் சுற்றிக்கொண்டு போகும் பி12 ஊசி.

இவை அரிய நோய்கள். பரவலான மாற்றங்கள் வேறு வகை. எஃப்யூடி2 என்ற மரபணுவைப் பொறுத்து ரத்தத்தில் பி12 அளவு கூடிக் குறைவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் கண்டார்கள். ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கிரிராஜ் சந்தக் குழுவினர் 2017இல் இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியையும் அலசியபோது எஃப்யூடி6 என்ற இன்னொரு மரபணுவில் இந்தியர்களுக்கே உரிய மாற்றங்கள் தென்பட்டன. ஐரோப்பியர் ரத்தத்தில் தேடிக் கிடைத்த மரபணுப் பட்டியலை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்ப்பது போதாது என்பதற்கு இந்த ஓர் ஆய்வே சான்று.

அதற்காகச் சைவ உணவுக்காரர் ஒருவர் தன் பி12 குறைவுக்கு மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது. பி12 செடிகொடிகளில் கிடையாது. பால், தயிர் குறைந்தால் பி12 குறையும், அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் வகை மாத்திரையை நிறுத்தாமல் போடுகிறவர்களுக்கும் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. தமிழ்நாட்டில் கால் மரத்துப்போகிறது என்று வரும் நீரிழிவு நோயாளிகளுக்கு எந்த மரபணுப் பரிசோதனையையும்விட ஒரு பி12 ரத்தப் பரிசோதனை உடனடியாக உதவும்.

ஃபோலிக் அமிலத்துக்கு வருவோம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவருடைய ஆய்வின் ஒரு பகுதி நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடந்தது. மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துக்கு ‘வில்ஸ் காரணி’ என்றே பெயர் வழங்கியது. பசலை வகைக் கீரையிலிருந்து அது 1941இல் பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் ஆனது. கருவுறும் முன்பும் கருவுற்ற முதல் வாரங்களிலும் அதைச் சாப்பிட்டால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடு குறையும் என்பது 1991இல் வெளியான பெரிய ஆய்வில் உறுதியானது.

ஃபோலேட்டை உடல் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றும் நொதியின் மரபணு எம்டிஹெச்எஃப்ஆர். அதில் பரவலாக உள்ள ஒரு மாற்றத்தை 1995இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரீமா ரோசன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். இரண்டு பிரதிகளிலும் அந்த மாற்றம் உள்ளவரிடம் நொதியின் வேகம் இயல்பில் சுமார் 30 சதவீதம்தான். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். இந்தப் பயம் இன்று ஒரு சந்தையையே நடத்துகிறது. ‘உங்கள் எம்டிஹெச்எஃப்ஆர் மரபணு பழுது, சாதாரண ஃபோலிக் அமிலம் உங்களுக்கு வேலை செய்யாது, எங்கள் விலையுயர்ந்த மாத்திரையை வாங்குங்கள்’ என்று இணையத்தில் கூவி விற்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. அந்த மாற்றம் உள்ளவர்களின் உடலும் ஃபோலிக் அமிலம் உட்பட எல்லா வகை ஃபோலேட்டையும் கையாளும். ரத்தத்தில் சேரும் அளவில் உள்ள வித்தியாசம் சிறியது. எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதே பெரிய காரணி. இந்தியர்களிடம் அந்த இரட்டை மாற்றம் ஐரோப்பியர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது என்பதையும் விளம்பரக்காரர்கள் சொல்வதில்லை.

எச்சிலை ஒரு குப்பியில் துப்பி அனுப்பினால் ‘உங்களுக்கான வைட்டமின் பட்டியல்’ வீட்டுக்கு வந்துவிடும் என்று விற்கப்படும் பரிசோதனைகளின் அடிப்படைக் கோளாறு இதுதான். அவர்கள் சொல்லும் மரபணு மாற்றங்கள் உண்மையானவை. ஆனால் அவை ஒவ்வொன்றின் விளைவும் சிறியது. வைட்டமின் டி விஷயத்தில் சுமார் 34,000 ஐரோப்பியர்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், பாதகமான மாற்றங்கள் அதிகம் சேர்ந்தவர்களுக்குக் குறைபாட்டுக்கான வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு கூடியிருந்தது. இது பொருட்படுத்த வேண்டிய எண்தான். ஆனால் ஒருவர் பகல் முழுக்கக் குளிர்சாதன அறையில் இருக்கிறாரா, வயலில் இருக்கிறாரா என்பதை எச்சில் குப்பி சொல்லாது. ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு என்று நேரே அளக்க ஆய்வுக்கூடத்தில் வழி இருக்கும்போது, மரபணுவைப் பார்த்து அதை ஊகிப்பது வீண் செலவு. இன்னொன்றும் இருக்கிறது. நாளொன்றுக்கு இவ்வளவு வைட்டமின் என்று ஊட்டச்சத்து நிறுவனங்கள் வகுக்கும் பரிந்துரை அளவு, சராசரி மனிதருக்கானது அல்ல. மக்களில் சுமார் 97 சதவீதம் பேருக்குப் போதுமானதாக இருக்கும்படி சராசரித் தேவைக்கு மேலே கூட்டி வைத்த எண் அது. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடு அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

மரபணு வேறுபாடு மருத்துவரின் அன்றாட வேலையில் குறுக்கிடும் இடமும் உண்டு. இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், வைட்டமின் கே மறுசுழற்சி ஆவதைத் தடுக்கிறது. அந்த மறுசுழற்சி நொதியின் மரபணு ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்கு ரத்தக்கசிவைத் தரும். 2007இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை மருந்துக் குறிப்பேட்டில் சேர்த்தது.

ஆனால் மரபணு அறிவு உயிரையே காப்பாற்றும் இடம், அரிய பிறவிக் குறைபாடுகள். துனிசியா உள்ளிட்ட வட ஆப்பிரிக்க நாடுகளில் இளம் வயதிலேயே தள்ளாடி நடக்கத் தொடங்கும் சிலரை ‘ஃப்ரீட்ரிக் அட்டாக்ஸியா’ என்ற தீராத நரம்பு நோயாளிகள் என்றே கருதியிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் வைட்டமின் ஈ ஏறக்குறைய இல்லை. குடல் அதைச் சரியாகவே உறிஞ்சியது. கல்லீரலில் அதைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்கு அனுப்பும் புரதம்தான் பழுது. 1995இல் மரபணு அடையாளம் காணப்பட்டது. இவர்கள் வாழ்நாள் முழுக்க அதிக அளவு வைட்டமின் ஈ சாப்பிட்டால் நோய் முற்றாமல் தடுக்கலாம். பெயர் தவறிய நோயாளிக்குத் தீராத நோய். பெயர் சரியாகத் தெரிந்தவருக்கு மாத்திரை.

ரைபோஃபிளேவின் என்னும் பி2 இன்னொரு உதாரணம். காது கேளாமல் போய், முகத் தசைகள் தளர்ந்து, கடைசியில் மூச்சுத் தசைகளே செயலிழக்கும் ஒரு குழந்தை நோயை மருத்துவ உலகம் 1894இலிருந்தே அறியும். அதன் மூலகாரணம் பி2வைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதங்களின் பழுது என்பது 2010இலிருந்துதான் தெரியவந்தது. அதிக அளவு பி2 கொடுக்கத் தொடங்கிய பின் பல குழந்தைகள் தேறினார்கள். இதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னிந்திய இளைஞர்களிடம் கை கால் மெலிந்து, செவித்திறனும் குறையும் ஒரு நோயைச் சென்னை மருத்துவர்கள் 1970இல் விவரித்தார்கள். உலக மருத்துவ நூல்களில் அதற்கு ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்றே பெயர். இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருப்பதால், இதற்கும் பி2 மரபணுப் பழுதுதான் காரணமோ என்று பெங்களூரு ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். இல்லை, இது வேறு நோய் என்று 2013இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த பதில் கிடைக்கவில்லை என்றாலும் சரியான கேள்வியை முறையாகக் கேட்ட ஆய்வு அது.

நம் அரசு உடனே கைவைக்கக்கூடிய ஒன்று பயோட்டின் என்னும் வைட்டமின். உணவில் வரும் பயோட்டினைப் பிரித்தெடுக்கவும், பயன்படுத்தியதை மீட்டெடுக்கவும் பயோட்டினிடேஸ் என்ற நொதி வேண்டும். அது பிறவியிலேயே இல்லாத குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ வலிப்பு வரும், தோலில் தடிப்பு வரும், முடி கொட்டும். செவியும் பார்வையும் போகலாம். போனபின் பெரும்பாலும் திரும்பாது. பேரி வுல்ஃப் என்ற அமெரிக்க மருத்துவர் 1983இல் இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே வர்ஜீனியா மாநிலம் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைப் பரிசோதிக்கத் தொடங்கியது. உலக அளவில் சுமார் 60,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு, முழுமையாகவோ பகுதியாகவோ இருக்கிறது. சிகிச்சை, தினமும் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின். முடி கொட்டுவதாக நினைக்கும் கல்லூரி மாணவிகளும் ஐடி ஊழியர்களும் தேவையே இல்லாமல் தினமும் விழுங்கும் அதே மாத்திரை. போதாக்குறைக்கு, அவர்களுடைய தைராய்டு பரிசோதனை முடிவுகளையும் அது குழப்பிவிடும்.

இதுவரை சொன்ன அரிய குறைபாடுகளில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே நோயாகும். ஒரே முன்னோரிடமிருந்து வந்த பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு, சொந்தத்தில் திருமணம் செய்யும்போது கூடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று ரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே இது உயர்ந்த விகிதம். அந்த வழக்கம் ஒரே நாளில் மாறாது. மாற்றச் சொல்லி உபதேசம் செய்வதால் பிறந்துவிட்ட குழந்தைக்குப் பயனும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. தாயும் சேயும் வீடு திரும்பும் முன் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்கு இதைவிட வசதியான மாநிலம் வேறு இல்லை. பயோட்டினிடேஸ் உள்ளிட்ட சிகிச்சை உள்ள பிறவிக் குறைபாடுகளுக்கான அந்தப் பரிசோதனையை எல்லா அரசு மகப்பேறு மருத்துவமனைகளிலும், எல்லாக் குழந்தைகளுக்கும், கட்டணமின்றிச் செய்ய மாநில அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை, நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் குழந்தைக்குக் காரணம் புரியாத வலிப்போ செவிக்குறையோ வந்தால், பெற்றோர் மருத்துவரிடம் தங்கள் உறவுமுறையை மறைக்காமல் சொல்லி, வைட்டமினால் சரியாகும் பிறவிக் குறைபாடு ஏதேனும் உண்டா என்று பார்க்கும்படி கேட்க வேண்டும்.